இரண்டு வாசல் வைத்த பெட்டி

என்னைப் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் முதலில் கேட்டது, ரொம்ப வலித்ததா என்றுதான். வலிக்கவே இல்லை. வலித்திருந்தால் அப்போதே ஓடியிருப்பேன். தலைக்குள் யாரோ சொடக்குப் போட்டதுபோல் ஒரு சின்னச் சத்தம் கேட்டது. வலது கண்ணில் தூசி விழுந்திருக்கும் என்று முந்தானையால் துடைத்துவிட்டு, கையில் இருந்த டம்ளருக்குப் பேர் வெட்டி முடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

எங்கள் பக்கத்தில் இப்போது வீட்டிலேயே லேசர் வைத்துப் பாத்திரத்துக்குப் பேர் வெட்டுகிறவர்கள் நிறையப் பேர் ஆகிவிட்டார்கள். அவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். இடது கண் நன்றாக இருக்கிறது, அதனால் எழுத முடிகிறது. மருந்து, மாத்திரை எல்லாம் நின்றுவிட்டது. இனிமேல் செய்வதற்கு ஒன்றும் இல்லை என்று டாக்டரம்மா சொல்லிவிட்டதால் கையும் சும்மாத்தான் இருக்கிறது.

என் பேர் ஈஸ்வரி. சிவகாசிக்குப் பக்கத்தில் வீடு. கல்யாணத்துக்கு முன்னாலும் பின்னாலும் பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தவள். அங்கே வேலை பார்த்த யாருக்கும் சில பழக்கங்கள் உடம்போடு ஒட்டிக்கொண்டுவிடும். உடம்பில் ஏறியிருக்கும் மின்சாரம் இறங்குவதற்காக, அறைக்குள் போகுமுன் வாசலில் இருக்கும் செம்புத் தகட்டைத் தொட வேண்டும். நைலக்ஸ் சேலை கூடாது, கொலுசு கூடாது. எந்த அறைக்குள் போனாலும் முதலில் கண் தேடுவது எதிர்ப்பக்க வாசலைத்தான். அங்கே ஒரு அறைக்கு ஒரு வாசல் என்பது கிடையாது. தீப்பிடித்தால் இந்தப் பக்கம் அடைத்துக்கொண்டாலும் அந்தப் பக்கம் ஓடலாம். ஒருநாள் பக்கத்து அறை பற்றிக்கொண்டபோது நான் அப்படித்தான் எதிர் வாசல் வழியாக ஓடி வந்தேன். அதற்குப் பிறகு கம்பெனிப் பக்கம் போகவில்லை.

என் வீட்டுக்காரர் பேர் காளிராஜ். ஆப்செட் பிரஸ்ஸில் மிஷின் மேன். காலண்டர் சீசனில் வீட்டுக்கு வருவதே விருந்தாளி மாதிரிதான் வருவார். நான் சும்மா இருக்கிறேனே என்று வீட்டில் இருந்தபடி செய்யும் தொழிலாகத் தேடினோம். கல்யாணச் சீருக்கு வாங்கும் எவர்சில்வர் பாத்திரத்தில் பேர் வெட்டாமல் எங்கள் ஊரில் யாரும் கொடுப்பதில்லை. கொடுத்தது யார் என்று பேரன் காலத்துக்கும் தெரிய வேண்டும். முன்பு பாத்திரக் கடைக்காரர் கிர்ரென்று ஒரு சின்ன மிஷினைக் கையில் பிடித்து வெட்டுவார். இப்போது லேசர் வந்துவிட்டது. போட்டோவைக்கூட டம்ளரில் இறக்கிவிடலாம். வெடிமருந்து இல்லை, நெருப்பு இல்லை, உட்கார்ந்த இடத்தில் வேலை. எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது.

விருதுநகர் பஜாரில் காதர் பாய் கடை இருக்கிறது. மோட்டார், வயர், சுவிட்ச், சீரியல் பல்பு என்று எல்லாம் கிடைக்கும். அவருடைய அப்பா காலத்துக் கடை. சரக்கு சரியில்லை என்றால் மறுபேச்சு இல்லாமல் திரும்ப எடுத்துக்கொள்வார் என்று பேர் வாங்கியவர். லேசர் கேட்டதும் பாய் நாலைந்து டப்பாக்களை எடுத்துப் போட்டார்.

"ரெடி மிஷின் வெல ரொம்பக் கூட தாயி. மூடி, பூட்டு எல்லாம் போட்டு வரும். பார்ட்ஸா வாங்கி நீங்களே சேத்துக்கிட்டா பாதிக்குப் பாதி. வீடியோவப் பாத்து எம்புட்டோ பேர் சேத்துட்டாக. காளிராஜு மிஷின்ல பொழங்குன ஆளுதான, அவருக்கு இதெல்லாம் ஒரு வேலையா?"

சோப்பு டப்பா அளவில் ஒரு லேசர், அதை அங்கேயும் இங்கேயும் நகர்த்துகிற கம்பி, மோட்டார். எல்லாவற்றையும் கட்டிக் கொடுத்தார். மேலே ஒரு பச்சைக் கண்ணாடியையும் வைத்தார். "வேல பாக்கும்போது இத மறக்காமப் போட்டுக்கிறணும்" என்றார். நான் அதைத் தலையில் மாட்டிப் பார்த்ததும் என் வீட்டுக்காரர் சிரித்தார். சினிமாவில் நடிக்கப் போகிறாயா என்று கேட்டார்.

லேசர் என்றால் கோயில் கொடைத் திருவிழாவில் வானத்தில் அடிக்கிற பச்சைக் கோடுதான் எனக்குத் தெரியும். இது அப்படி இல்லை. எவர்சில்வரில் எழுதுகிற லேசருக்கு வெளிச்சமே கிடையாது. எங்கே எழுதப் போகிறது என்று காட்ட ஒரு சிவப்புப் புள்ளி மட்டும் தெரியும். அசல் ஒளி வருவதும் தெரியாது, போவதும் தெரியாது. பாத்திரத்தில் எழுத்து கறுத்துக்கொண்டு வரும்போதுதான் வேலை நடக்கிறது என்று தெரியும்.

என் வீட்டுக்காரர் பிரஸ்ஸில் இருந்து பழைய ஆப்செட் பிளேட்டுகளைக் கொண்டுவந்தார். எங்கள் ஊரில் கோழிக்கூண்டுக் கூரையில் இருந்து அடுப்பங்கரைத் தடுப்பு வரைக்கும் எல்லாவற்றுக்கும் அந்த அலுமினியத் தகடுதான். மரப்பெட்டி என்றால் பற்றிக்கொள்ளும் என்று தகட்டை வளைத்து ஒரு பெட்டி செய்தார். அச்சடித்த பக்கம் வெளியே, பளபளவென்று இருக்கும் பக்கம் உள்ளே. அவர் நாலு பக்கமும் அடைக்கத்தான் போனார். நான்தான் விடவில்லை.

"ரெண்டு பக்கமும் வாசல் விடுங்க. உள்ள என்னமும் புடிச்சுதுன்னா இழுத்துப் போடணும்ல" என்றேன்.

அவருக்கும் அது சரியாகப் பட்டது. அவரும் இந்த ஊர்க்காரர்தானே. எதிரும் புதிருமாக இரண்டு வாசல் வைத்தார். அந்தப் பெட்டியைப் பார்த்தபோது எங்களுக்குத் திருப்தியாக இருந்தது.

அந்தச் சொடக்குச் சத்தம் கேட்ட அன்று காலையில் ஒரு கல்யாண ஆர்டர். ஒரு டம்ளரில் எழுத்து சரியாகக் கறுக்கவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசல் பக்கம் குனிந்து பார்த்தேன். டம்ளர் வளைவில் பட்ட ஒளி உள்ளே தகட்டில் பட்டு, நாங்கள் வைத்த வாசல் வழியாக வெளியே வந்திருக்கிறது. நான் அந்த வாசலில் முகத்தைக் கொண்டுபோய் வைத்திருந்தேன்.

மத்தியானத்துக்குள் வலது கண்ணில் செம்மண் கலந்த தண்ணீர் மாதிரி ஏதோ ஓடியது. சாயங்காலம் என் வீட்டுக்காரர் வந்து நின்றபோது, இடது கண்ணைக் கையால் மூடிக் கசக்கிக்கொண்டே வலது கண்ணால் அவரைப் பார்த்தேன். அவருடைய சட்டை இருந்தது, தோள் இருந்தது. கழுத்துக்கு மேலே ஒன்றும் இல்லை. அதை அவரிடம் சொன்னபோது என் குரல், பால் வாங்கவில்லை என்று சொல்வதைப்போல இருந்தது. எனக்கே அது விநோதமாகப் பட்டது.

உள்ளூர் டாக்டர் பார்த்துவிட்டு அன்றே மதுரைக்குப் போகச் சொன்னார். மதுரையில் பெரிய கண் ஆஸ்பத்திரி. சீட்டுப் பதிகிற பெண் ஊர்ப் பேரைக் கேட்டதுமே என் முகத்தை ஏற இறங்கப் பார்த்தாள்.

"சிவகாசியா? வெடியாம்மா?"

"இல்ல. லேசரு."

"லேசர் வைக்கணும்னு டாக்டர் சொல்லிருக்காரா?"

"இல்லம்மா. லேசர்தான் பட்டுருச்சு."

அவள் பேனாவை நிறுத்திவிட்டாள். அந்த நாட்களில் இதை எத்தனை பேரிடம் சொன்னேனோ. காத்திருக்கும் இடத்தில் பாதிப் பேர் சர்க்கரை வியாதிக்காகக் கண்ணில் லேசர் வைத்துக்கொள்ள வந்தவர்கள். என் மாமியார், நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன், பக்கத்து நாற்காலிக்காரரிடம் தன் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். "அந்தக் கருமத்த வச்சுக் கண்ணு தெரியவைக்காகளாம். எம் மருமகளுக்கு அத வச்சே கண்ணப் புடுங்கிட்டாக." அந்த மனிதர் பயந்துபோய் நர்ஸிடம் தனக்கு லேசர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

கண்ணில் சொட்டு மருந்து விட்டார்கள். கண்பாப்பா விரிவதற்கு. விரிந்தபின் எல்லா விளக்கும் ஊதிப் பெருத்துத் தெரியும். பிறகு ஒரு மிஷினில் தாடையை வைக்கச் சொல்லி ஸ்கேன் எடுத்தார்கள். பணியாரத்தைக் குறுக்கே வெட்டினால் உள்ளே வெந்திருக்கிறதா என்று தெரிவதுபோல், கண்ணின் பின்பக்கத்தை அடுக்கடுக்காகக் காட்டும். கையில் மஞ்சள் மருந்து ஊசி போட்டு, அது கண்ணின் ரத்தக் குழாய்களில் ஓடுவதைப் போட்டோ எடுத்தார்கள். அதற்குப் பிறகு என் தோலெல்லாம் மஞ்சளாகிவிட்டது. "வெள்ளிக்கெழமைக்கு மஞ்ச பூசிக் குளிச்சவ கணக்கா இருக்காளே" என்றார் அத்தை. அன்று சிரித்தது அதற்கு மட்டும்தான்.

டாக்டரம்மா இளவயதுக்காரர். ஸ்கேன் படத்தைத் திருப்பிக் காட்டினார்.

"கண்ணுக்குப் பின்னாடி விழித்திரைன்னு ஒரு சவ்வு இருக்கும்மா. நம்ம பாக்கிறதெல்லாம் அதுலதான் விழும். அதுக்கு நடுவுல கடுகளவு ஒரு இடம். எழுத்துப் படிக்கிறது, ஊசி கோக்கிறது, ஒருத்தர் மூஞ்சிய அடையாளம் தெரியிறது, எல்லாம் அந்தக் கடுகு பாக்குற வேலை. உங்களுக்கு அங்கதான் ஓட்டை விழுந்திருக்கு. ரத்தமும் கசிஞ்சிருக்கு."

"வலிக்கவே இல்லையே டாக்டர்."

"விழித்திரைக்கு வலி தெரியாது. அங்க வலி சொல்ற நரம்பு கிடையாது."

இதைக் கேட்டதும் எனக்கு என்னைப் பற்றியே சொல்கிறார் என்று தோன்றியது. அழ வேண்டும் என்று தெரிந்தது, அழுகை வரவில்லை. ஆஸ்பத்திரியில் இருந்த நாளெல்லாம் அப்படித்தான் இருந்தேன். பயம்கூட எங்கேயோ பக்கத்து வீட்டில் நடப்பதாக இருந்தது. டாக்டரம்மா சொல்வது எல்லாம் புரிந்தது, அது எனக்கு என்பது மட்டும் உறைக்கவில்லை.

என் வீட்டுக்காரர் பையில் இருந்து அந்தப் பச்சைக் கண்ணாடியை எடுத்து மேஜைமேல் வைத்தார். "இதப் போட்டுத்தான் பாத்தா டாக்டர்" என்றார்.

டாக்டரம்மா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இது நீல லேசருக்கு உள்ளது. கண்ணுக்குத் தெரியாத லேசர் இதுக்குள்ள நேராப் போயிரும். இதப் போட்டதும் ஒண்ணுதான், போடாததும் ஒண்ணுதான்."

எனக்கு அது ஒன்றுதான் என்று படவில்லை. கண்ணாடி இல்லாமல் இருந்திருந்தால் நான் அந்த வாசலில் குனிந்திருக்கவே மாட்டேன். ஆனால் அதைச் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது என்று இருந்தது.

ஓட்டை தானாக மூடுகிறதா என்று கொஞ்ச நாள் மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். மூடவில்லை. ஆபரேஷன் என்றார்கள். காப்பீட்டு அட்டையில் கொஞ்சம் கழிந்தது, மிச்சத்துக்கு என் கம்மல் போனது. அத்தை யாரும் கேட்காமலே தன் கழுத்தில் இருந்ததையும் கழற்றி என் வீட்டுக்காரர் கையில் வைத்துவிட்டு, "இத்துப்போன செயினு, கழுத்த அறுத்துக்கிட்டே கெடந்துச்சு" என்று சொன்னார்.

ஆபரேஷனுக்கு மயக்கம் கொடுப்பதில்லை. கண்ணுக்குக் கீழே ஒரு ஊசி போட்டு அந்தப் பக்கத்தை மட்டும் மரத்துப்போக வைப்பார்கள். பாதி முகம் வேறு யாருடையதோ போல இருந்தது. டாக்டரம்மா பேசுவது கேட்டது, கத்தரிக்கோல் தட்டில் விழுவது கேட்டது. கண்ணுக்குள் இருக்கும் கூழை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் வாயுவை நிரப்பினார்கள். அந்த வாயு மேல் நோக்கி மிதக்கும். நான் குப்புறப் படுத்திருந்தால் அது விழித்திரையை அழுத்தி ஓட்டையை மூடும். மல்லாந்தால் வேலை கெட்டுப்போகும்.

"மூஞ்சி எப்பவும் தரையப் பாத்துத்தான் இருக்கணும். சாப்பிடும்போதும், பேசும்போதும், தூங்கும்போதும். மலை ஏறக் கூடாது, விமானத்துல போகக் கூடாது" என்று நர்ஸ் சொன்னாள்.

"வெமானத்த நாளைக்கு வேண்டாம்னு சொல்லிருவோம்" என்றார் அத்தை.

பகலும் ராத்திரியும் குப்புறக் கிடந்தேன். தலையணையில் முகத்துக்கு ஒரு பள்ளம் வைத்துக் கொடுத்திருந்தார்கள். கழுத்து ஒரு பக்கம், முதுகு ஒரு பக்கம் இற்றுப்போகும். வலது கண்ணில் கட்டு. இடது கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் தரையும் கால்களும்தான். வார்டில் வருகிறவர்களைக் காலை வைத்தே தெரிந்துகொண்டேன். நர்ஸுக்கு வெள்ளைச் செருப்பு. அத்தைக்கு வெடித்த குதிகால். கஞ்சியை ஸ்பூனில் எடுத்துக் கீழே இருந்து மேலே ஊட்டுவார். அதற்காகத் தரையில் கால் நீட்டி உட்கார்ந்துகொள்வார்.

என் வீட்டுக்காரரின் கால்கள் மட்டும் எந்நேரமும் நின்றுகொண்டே இருந்தன. கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல் இருந்தது. நர்ஸ் சொன்னாள், அத்தை சொன்னார், நானும் சொன்னேன்.

"ஏங்க, செத்த ஒக்காருங்க. கால் வீங்கிருக்கு, எனக்குத் தெரியிது."

"இருக்கட்டும்" என்பார். அதோடு சரி. பிரஸ்ஸில் நின்று நின்று பழகிய கால்தான் என்று முதலில் நினைத்தேன். ஆனால் அது அந்த நிற்பு இல்லை. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் நிற்கச் சொல்லிவிட்டு மறந்துபோனால் பையன்கள் நிற்பார்களே, அப்படி நின்றார்.

அத்தை இருக்கன்குடிக்கு நேர்ந்துகொண்டார். கண் நோவுக்கு அந்த மாரியம்மனிடம்தான் போவார்கள். வெள்ளியில் கண்மலர் வாங்கிச் சாத்துவதாக வேண்டுதல். "ஒரு கண்ணுதான கேடு, ஒண்ணு மட்டும் வாங்குனாப் போதாதா?" என்று கீழே பார்த்தபடியே கேட்டேன். "ஏளா, ஜோடியாத்தான் விப்பாக. ஆத்தாட்ட போயி சில்லறை பாக்கச் சொல்லுதியா?" என்றார்.

ஒருநாள் மத்தியானம் புதிதாக இரண்டு கால்கள் வந்தன. செருப்பு இல்லை. சுத்தமாக நகம் வெட்டிய, வயசான கால்கள். வெள்ளை வேட்டி ஓரம் தெரிந்தது.

"தாயி, காதர் பாய் வந்திருக்கேன்."

"வாங்க பாய். குப்புறக் கெடக்கேன், ஒண்ணும் நெனைக்காதீக."

ஆரஞ்சுப் பழம் நிறைந்த பையைத் தரையில் வைத்தார். கொஞ்ச நேரம் அல்லாவைச் சொல்லி ஏதோ வாய்க்குள் ஓதினார். பிறகு கேட்டார்.

"கண்ணாடி போட்டிருந்தியாம்மா?"

"போட்டிருந்தேன் பாய்."

அவருடைய ஒரு கால் மற்றக் காலின்மேல் ஏறி இறங்கியது. ஏன் இவ்வளவு நேரம் பேசாமல் இருக்கிறார் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. என் வீட்டுக்காரர்தான் லேசர் கம்பெனியில் கேட்டீர்களா என்று ஆரம்பித்தார்.

"கேட்டேன் காளிராஜு. வாங்குன எடத்துல கேட்டேன், அவுக செஞ்ச எடத்துல கேட்டுச் சொன்னாக." பாய் தொண்டையைச் செருமினார். "அவுக என்ன சொல்றாகன்னா, நாங்க வித்தது பார்ட்ஸு. டப்பா மேலயே எழுதிருக்கு. பார்ட்ஸுக்கு மூடி போட்டு, பூட்டுப் போட்டு, மிஷினாச் சேக்கிறவரு யாரோ, அவருதான் தயாரிப்பாளர்ங்காக. அதுக்கப்புறம் என்ன ஆனாலும் அவரு பொறுப்புதானாம். சட்டம் அப்படித்தான் இருக்காம்."

"சேத்தது நாந்தான் பாய்" என்றார் என் வீட்டுக்காரர்.

"அதத்தான் சொல்றாக."

பாயின் கால்களுக்கு எதிரே என் வீட்டுக்காரரின் கால்கள் இருந்தன. விரல்கள் தரையைப் பிடிப்பதுபோல உள்ளே மடங்கின. பிறகு ஒரு அடி பின்னால் போய்ச் சுவரோடு ஒட்டி நின்றன. அவருடைய முகத்தைப் பார்க்க வேண்டும்போல இருந்தது. தலையைத் தூக்கக் கூடாது. தூக்கவில்லை.

அன்று படுத்தபடி யோசித்தேன். பட்டாசுக் கம்பெனியில் விபத்து என்றால் சாயங்காலத்துக்குள் போலீஸ் ஒரு பேரை எழுதிவிடும். லைசென்ஸ் யார் பேரில், போர்மேன் யார் என்று எல்லாருக்கும் தெரியும். அறை வாசலிலேயே போர்டு இருக்கும், உள்ளே எத்தனை பேர், எவ்வளவு மருந்து என்று. சோப்பு டப்பா அளவு லேசருக்கு அப்படி ஒரு போர்டும் இல்லை. செய்தவன் எங்கேயோ இருக்கிறான். விற்றவர் பார்ட்ஸ் என்கிறார். எங்கள் வீட்டில் அதைத் தொட்டது நாங்கள் இரண்டு பேர். அதிலும் கண் போனது எனக்கு. மிச்சம் இருப்பது அவர் ஒருவர்தான்.

கட்டு அவிழ்த்தபோது வலது கண்ணில் டம்ளரில் தண்ணீர் ஆடுவதுபோல் வாயு ஆடிக்கொண்டிருந்தது. நாளாக ஆக அது சிறுத்து, சின்னக் குமிழாகி, ஒருநாள் காணாமல் போனது. ஸ்கேனில் ஓட்டை மூடியிருந்தது. டாக்டரம்மாவுக்கே சந்தோஷம். ஆனால் மூடிய இடம் தழும்பாகிவிட்டது. தழும்புக்குப் பார்வை கிடையாது. ஓரமெல்லாம் தெரியும், நடு மட்டும் தெரியாது. எதை நேராகப் பார்க்கிறேனோ அது இருக்காது. இனிமேல் அந்தக் கண் அப்படித்தான் என்று அவர் சொன்னபோது, சரிங்க டாக்டர் என்றேன்.

வீட்டுக்கு வந்தபோது அந்தப் பெட்டி வைத்த இடத்திலேயே இருந்தது. அவர் அதைத் தொடவே இல்லை. பிரஸ்ஸுக்குப் போனார், வந்தார், நின்றுகொண்டே சாப்பிட்டார். நான் கேட்டதற்குப் பதில் சொன்னார். வாசல் வைக்கச் சொன்னது நான்தானே என்று ஒருநாள் சொல்லிப் பார்த்தேன். "செஞ்சது நாந்தான" என்றார். அந்த நேரத்தில் எனக்கு ஆத்திரம் வந்தது. இத்தனை நாளில் எனக்கு வந்த ஒரே ஆத்திரம் அதுதான். கண் போனதற்குக்கூட வரவில்லை.

விருதுநகரை ஒட்டியிருக்கும் சூலக்கரையில் ஒரு வக்கீலைப் போய்ப் பார்த்தோம். நுகர்வோர் வழக்குப் போடலாம் என்றார். நல்ல மனிதர், ஒளிவு மறைவு இல்லாமல் சொன்னார்.

"எதிராளி மொதல்ல இதத்தான் கேப்பான், மிஷினத் தயாரிச்சது யாருன்னு. உங்க வீட்டுக்காரர் பேரச் சொன்னா, கேசே அவர் தலையில வந்து நிக்கும். சொல்லாமலும் முடியாது."

"போடுங்க சார், எம் பேரையே போடுங்க" என்றார் இவர். மேஜைக்கு முன்னால் நாற்காலி இருந்தும் நின்றபடியே சொன்னார்.

நான் எழுந்துவிட்டேன். அங்கிருந்து நேராக விருதுநகர் பஜாருக்குப் போகலாம் என்றேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை, கூட வந்தார்.

பாய் கடையில் கூட்டம் இல்லை. எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்று, "வா தாயி, ஒக்காரு" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டார். நான் உட்கார்ந்தேன். என் வீட்டுக்காரர் எனக்குப் பின்னால் நின்றார். அலமாரியில் அதே டப்பாக்கள் அடுக்கியிருந்தன. புதிதாக ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது: உதிரி பாகம் மட்டும், பயன்படுத்துபவரே பொறுப்பு. முன்பக்கம் ஒரு கயிற்றில் பச்சைக் கண்ணாடிகள் கொத்தாகத் தொங்கின.

"பாய், கேஸ் போடப் போறோம். மிஷினச் செஞ்சது யாருன்னு பேர் எழுதணுமாம். இவுக தன் பேரை எழுதச் சொல்றாக."

பாய் மேஜையில் இருந்த பில் புத்தகத்தை மூடி வைத்தார்.

"ஒண்ணு காட்டுறேன், இருங்க" என்று இடது கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டேன். "இப்ப ஒங்க கடை தெரியிது. ஃபேன் தெரியிது. அலமாரி, டப்பா, ஒங்க வெள்ளச் சட்டை எல்லாம் தெரியிது. ஒங்க மொகம் இல்ல. நேரா ஒங்களத்தான் பாக்கேன் பாய், நீங்க இருக்க எடத்துல ஒண்ணுமே இல்ல. கம்பெனியக் கேட்டா அங்கயும் ஆள் இல்லங்காக. யாரோ ஒருத்தர் இத எனக்கு வித்திருக்கணும்ல?"

கடைக்கு வெளியே ஒரு வண்டி ஹாரன் அடித்துவிட்டுப் போனது. நான் கையை எடுக்கவில்லை.

"சரி, கம்பெனிக்காரக பார்ட்ஸு மட்டுந்தான வித்தாக. அப்பக் கண்ணாடிய எதுக்குக் குடுத்தாக? அத நம்பித்தான நான் குனிஞ்சேன்."

எதிரே முகம் இல்லாத இடத்தில் இருந்து குரல் வந்தது.

"கண்ணாடி கம்பெனி குடுத்தது இல்ல தாயி."

வெள்ளைச் சட்டை கண்ணாடிக் கொத்துப் பக்கம் திரும்பியது.

"அது நீல லேசரோட வந்த மிச்சம். கடையில சும்மா கெடந்துச்சு. வாங்குறவக கண்ணு பத்திரமா இருக்கட்டுமேன்னு நாந்தான் ஒவ்வொருத்தருக்கும் எடுத்து வச்சேன். ரெண்டுக்கும் வித்தியாசம் எனக்கு அப்பத் தெரியாது, நான் கேக்கவும் இல்ல. அன்னிக்கு ஆஸ்பத்திரியில போட்டிருந்தேன்னு நீ சொன்னதுல இருந்து எனக்குச் சோறு எறங்கல. வித்தது நான். கண்ணாடி குடுத்தது நான். கோர்ட்டுலயும் வந்து சொல்லுதேன். இந்தக் கண்ணாடி வாங்கிட்டுப் போன மத்தவகளுக்கும் இன்னிக்கே போன் போட்டுருதேன். நீ செஞ்சது பெட்டி மட்டுந்தான் காளிராஜு. நெருப்புக்குப் பயந்து செஞ்ச. ஒம் பேர எழுத வேண்டாம்."

இடது கண்ணில் இருந்து கையை எடுத்தேன். பாயின் முகம் வந்தது. அவர் என்னைப் பார்க்கவில்லை, எனக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தார். நான் திரும்பினேன்.

என் வீட்டுக்காரர் கடை வாசற்படியில் உட்கார்ந்திருந்தார்.